ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லையா? புதிது வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஷவர் சரியில்லை என்றதும் நேராகக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதாக, பளபளவென்று ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிடுகிறோம். பல வீடுகளில் அந்தப் புது ஷவரும் பழையதைப் போலவேதான் ஒழுகும், சில வீடுகளில் பழையதே தேவலை என்று ஆகிவிடும். ஷவரால் தண்ணீருக்குப் புதிதாக அழுத்தம் கொடுக்க முடியாது, வருகிற தண்ணீரைப் பிரித்து விடத்தான் முடியும். மாடியில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து குளியலறை வரை எத்தனை வளைவு, கீசர் எவ்வளவு வெந்நீர் தரும், தண்ணீரில் எவ்வளவு உப்பு, இந்த நான்கும் தெரிந்தால் எந்த ஷவர் வாங்க வேண்டும் என்பது பாதி முடிவான மாதிரி. அதனால் உங்கள் வீட்டில் என்ன குறை தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை, எல்லோரும் செய்ய வேண்டியது. கீசரை அணைத்துவிட்டு ஷவர் தலையை மட்டும் கழற்றுங்கள். கழற்றும்போது சுவரிலிருந்து வரும் வளைந்த பைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேனர் திருகுகிற திருகலில் அந்தப் பைப்பும் சேர்ந்து சுற்றி, சுவருக்குள் இருக்கும் எல்போ, அதாவது பைப் திரும்பும் வளைவு இணைப்பு, விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிய வேலையாகிவிடும். இப்போது அந்தப் பைப்புக்கு அடியில் பக்கெட்டை வைத்து, பச்சைத் தண்ணீரை முழுக்கத் திறந்து, போனில் ஒரு நிமிடம் பார்த்து எத்தனை லிட்டர் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து இன்னொரு தடவை. அப்புறம் ஷவரை மாட்டிவிட்டு மூன்றாவது தடவை. இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் பிளம்பரிடமும் கடைக்காரரிடமும் பேசுவது எளிது.

தண்ணீர் விரியாமல் தலைக்கு நேரே ஒழுகுகிறது

அதிகம் கேட்கிற புகார் இதுதான், அதிலும் மேல் மாடிக் குளியலறைகளில். ஷவரைக் கழற்றிய பிறகும் பைப்பில் நிமிடத்துக்கு 5, 6 லிட்டருக்கு மேல் விழவில்லை என்றால் குற்றம் ஷவர் மேல் இல்லை, எதை வாங்கி மாட்டினாலும் அது ஒழுகத்தான் செய்யும்.

உயரக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தண்ணீர் மட்டம் ஷவரைவிட 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நம் வீடுகளில் நிலைமை என்ன? தளம் 10 அடி, ஷவர் 7 அடியில். தொட்டியை மொட்டை மாடித் தளத்திலேயே வைத்திருந்தால் தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையில் வெறும் 3 அடி, தொட்டி நிறைந்திருந்தால் இன்னொரு 3 அடி. ஆக மொத்தம் 0.1 முதல் 0.2 பார் வரைதான். தொட்டி பாதி காலியான மாலை நேரத்தில் ஷவர் இன்னும் மெலிந்து போவது இதனால்தான். அதே தொட்டி மாடிப்படிக்கு மேலே உள்ள ஹெட்ரூம் தளத்தில் இருந்தால் இன்னும் 8 அடி கூடும், அந்த 8 அடி பெரிய வித்தியாசம். கீழ்த்தளத்துக் குளியலறைக்கு எப்போதும் ஒரு மாடி உயரம் கூடுதலாகக் கிடைப்பதால் அங்கே நன்றாக வரும் ஷவரைக் கழற்றி மேலே மாட்டிவிட்டு "இது மட்டும் ஏன் வரல" என்று குழம்ப வேண்டாம்.

உயரத்தைக் கூட்டினால் எவ்வளவு கூடும் என்பதிலும் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் நாலு மடங்கானால்தான் தண்ணீர் இரண்டு மடங்காகும். 5 அடியை 10 அடியாக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரும், அவ்வளவுதான். ஆனாலும் மெலிந்து ஒழுகுவதற்கும் ஓரளவு நிம்மதியாகக் குளிப்பதற்கும் நடுவே அந்த ஒன்றரை மடங்கே போதுமானதாக இருக்கும்.

தொட்டியைத் தூக்குவதற்கு முன் காசில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். மாடியில் தொட்டிக்கு அருகே இருக்கும் கேட் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா? பழைய பித்தளை கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே இருக்கும் தட்டு அறுந்து கீழேயே உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் திறந்த மாதிரிதான் தெரியும். அதை, உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வாக (ball valve) மாற்றினாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தொட்டியைக் கழுவிய பிறகு குறைந்ததென்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கலாம், கீழே எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். வீடு பழையது, இரும்பு ஜிஐ பைப் என்றால் உள்ளே துரு ஏறி அரை இஞ்ச் பைப் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, பைப்பில் 8, 10 லிட்டர் விழுகிறது, ஷவரை மாட்டினால்தான் ஒழுகுகிறது. இப்போது தாராளமாக ஷவரைச் சந்தேகப்படலாம். குறைந்த அழுத்த வீட்டுக்கு 3 அல்லது 4 இஞ்ச் அகலத்தில், ஒரே விதமாகத் தண்ணீர் விடும் சாதாரண ஷவர்தான் சரி. 8 இஞ்ச், 12 இஞ்ச் ரெயின் ஷவரில் நூற்றுக்கு மேல் துளைகள் இருக்கும். வருகிற கொஞ்சம் தண்ணீரை அத்தனை துளைக்கும் பங்கு போட்டால் எந்தத் துளையிலும் வேகம் இருக்காது. சின்ன ஷவரில் துளைகளின் மொத்தப் பரப்பு குறைவு, அதனால் பைப்பில் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது, வளைவுகளில் வீணாகும் அழுத்தம் குறைகிறது, மிச்சமான அழுத்தம் துளை வாயில் வேகமாக மாறுகிறது. அளவு குறையும், வேகம் கூடும். உடம்பில் படும்போது நமக்குத் தெரிவது வேகம்தான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஷவர் என்றால் இன்னொரு விஷயம். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷவர் நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது 9.5 லிட்டருக்கு மேல் விடக்கூடாது. அந்த அளவு எடுக்கப்படுவது 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நம் கணக்கில் 5.5 பார். தண்ணீரைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை வைத்திருப்பார்கள். அது வெறும் ஓட்டை போட்ட வில்லையாக இருந்தால், நம் மாடித் தொட்டியின் 0.3 பாரில் அதே ஓட்டை வழியாகக் கால்வாசித் தண்ணீர்கூட வராது. மரை பக்கம் வாஷரை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள், வில்லை தெரிந்தால் குண்டூசியால் நெம்பி எடுத்துவிடலாம். 5 பார் அழுத்தம் இருக்கிற ஊரில் தண்ணீர் மிச்சம் பிடிக்க வைத்தது அது, நம் வீட்டில் தொட்டியின் குறைந்த உயரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ரெயின் ஷவர்தான் வேண்டும், மனசு அதில்தான் இருக்கிறது என்றால் பிரஷர் பம்ப் போடுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில்தான் அதைப் போட வேண்டும், தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்பில் ஒருபோதும் கூடாது. பச்சைத் தண்ணீர், கீசர் இரண்டுக்கும் போகும் பொதுப் பைப்பில் போடுவது முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். கீசரின் லேபிளில் அது எத்தனை பார் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், பம்ப்பின் அதிகபட்ச அழுத்தம் அதற்குள் இருக்க வேண்டும். ஷவர் பெட்டியின் மேல் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருந்தால் அதையும் படியுங்கள், போடாத பெரிய ஷவரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆரம்பத்தில் நன்றாக வந்தது, இப்போது கோணல்மாணலாக அடிக்கிறது

ஒரு துளை நேராக, பக்கத்துத் துளை சுவரை நோக்கி, நடுவில் நாலைந்து துளை மொத்தமாக அடைப்பு. இது உப்பு. போர் தண்ணீர் உள்ள எல்லா ஊரிலும் நடப்பதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் துளை வாயில் ஈரம் காயக் காய வெள்ளையாகப் படிகின்றன, வெந்நீர் ஓடும் ஷவரில் இன்னும் சீக்கிரம்.

புதிது வாங்கத் தேவையில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் ஆசிட்தான் அது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஷவரைக் கழற்றி முகம் மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். நுரை நுரையாகக் குமிழி வரும், வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கழற்ற முடியாத ஷவராக இருந்தால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் அந்தத் தண்ணீரை ஊற்றி ஷவரின் முகம் மூழ்கும்படி தூக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பின்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வெள்ளை வினிகரும் ஆகும். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள், குரோம் பூச்சு மங்கிவிடும்.

தரை கழுவ வைத்திருக்கும் ஆசிட்டை மட்டும் இதற்குக் கொண்டுவராதீர்கள். அது உப்பையும் எடுக்கும், கூடவே குரோமையும் அடியில் இருக்கும் பித்தளையையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும், எலுமிச்சை உப்புகூட, சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

உப்புத் தண்ணீர் வீட்டுக்கு ஷவர் வாங்குவதென்றால் துளைகள் ரப்பர் மாதிரி மெத்தென்ற சிலிக்கான் முனைகளாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் குளிக்கும்போதே கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தால் உப்புப் பொருக்கு உதிர்ந்துவிடும். முகம் திருகிக் கழற்றும்படி இருந்தால் இன்னும் நல்லது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடம்பு மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, உப்புத் தண்ணீருக்கு அது நன்றாகவே தாங்கும், அரிப்பே பிடிக்காது, மேலே இருக்கும் பூச்சு உரிந்தால் பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கும். ஸ்டீல் வாங்கினால் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள், ஆனால் கடலோர ஊர்களில் குளோரைடு கூடிய தண்ணீரில் 304 ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

முடி கொட்டுகிறது, தோல் வறண்டு போகிறது என்று ஷவரில் மாட்டும் ஃபில்டர் வாங்குகிறார்கள். உள்ளங்கை அளவு ஃபில்டரால் அவ்வளவு வேகமாக ஓடும் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்க முடியாது. மண், துரு, ஓரளவு குளோரின், இவற்றைப் பிடிக்கும், அதோடு சரி. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுக்க வேண்டுமென்றால் ரெசின் நிரப்பிய, உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற மென்னீராக்கி வேண்டும், அது தொட்டிப் பக்கம் வைக்கிற பெரிய சாதனம். இந்திய தரநிலை ஐஎஸ் 10500 குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கக்கூடியதாகவும் வைத்திருக்கிறது. ஒரு தடவை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உங்கள் எண் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். குறைந்த அழுத்த வீட்டில் ஷவர் ஃபில்டர் மாட்டினால் இருக்கிற கொஞ்ச வேகமும் போய்விடும்.

வெந்நீர் போதவில்லை, அல்லது சுடுகிறது, குளிர்கிறது, மறுபடி சுடுகிறது

ஷவர் வாங்கும்போது யாரும் கீசரை நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் நினைக்க வேண்டியதே அதைத்தான்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பெரும்பாலும் 3 கிலோவாட். அந்தச் சூட்டில் நிமிடத்துக்குச் சுமார் 43 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்தலாம். சென்னையில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி, உங்களுக்கு 40 டிகிரியில் வேண்டும், 12 டிகிரி ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தொடர்ந்து கிடைப்பது நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர். அதுவே ஊட்டியில் 15 டிகிரித் தண்ணீர் என்றால் இரண்டு லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் ஷவரை இதில் மாட்டினால் முதல் அரை நிமிடம் சூடு, அப்புறம் பச்சைத் தண்ணீர்தான். கீசர் ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறதே என்பார், அவர் சொல்வது உண்மைதான். இன்ஸ்டன்ட் கீசர் வீட்டுக்கு 3, 4 லிட்டர் விடும் சின்ன ஹேண்ட் ஷவர் பொருந்தும், குளிர் ஊரில் இன்ஸ்டன்ட்டில் ஷவரே வேண்டாம், பக்கெட்தான் நல்லது.

15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரில் 60 டிகிரி வரை ஏற்றி, 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறத்தாழ 40 லிட்டர் வரும், அடியில் பச்சைத் தண்ணீர் நுழைந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும். நிமிடத்துக்கு 7 லிட்டர் விடும் ஷவரில் ஐந்து நிமிடம் குளிக்கலாம். 15 லிட்டர் கொட்டும் ரெயின் ஷவரில் மூன்று நிமிடம்கூட வராது, தலைக்கு ஷாம்பு போட்டிருக்கும்போதே குளிர்ந்துவிடும்.

சூடும் குளிரும் மாறி மாறி வருகிறதென்றால் கதை வேறு. இன்ஸ்டன்ட் கீசர் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாகப் போகும்போது அளவுக்கு மேல் சூடாகித் தெர்மோஸ்டாட் அணைக்கும், குளிர்ந்ததும் மறுபடி போடும். சுடுகிறதே என்று வெந்நீர்க் குழாயை நாம் குறைக்கக் குறைக்க இது இன்னும் மோசமாகும். வெந்நீரை முழுக்கத் திறந்து வைத்து, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வும் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பச்சைத் தண்ணீரால் மட்டும் சூட்டைச் சரிசெய்யுங்கள்.

பச்சைத் தண்ணீர் பலமாகவும் வெந்நீர் பலவீனமாகவும் வருகிறதென்றால் (சோதனையில் எழுதிய முதல் இரண்டு எண்களைப் பாருங்கள்) பிரஷர் பம்ப்பைப் பச்சைத் தண்ணீர்ப் பைப்பில் மட்டும் மாட்டியிருப்பார்கள், அல்லது கீசர்ப் பக்கம் உப்பு அடைத்திருக்கும். பம்ப் ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் இரண்டு தண்ணீரும் கலக்கும் மிக்ஸர் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் வெந்நீரை உள்ளே வரவிடாது, சில சமயம் கீசரை நோக்கியே திருப்பித் தள்ளும். பொதுப் பைப்பில் பம்ப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். தண்ணீர் ஒரு குறைந்தபட்ச வேகத்தில் ஓடினால்தான் அதன் தீ பற்றும், அதனால் மிகக் குறைவாகத் தண்ணீர் விடும் ஷவரை மாட்டினால் தீ பற்றாமலோ நடுவில் அணைந்தோ போகும். அதைவிட முக்கியம், கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். உங்கள் வீட்டில் உள்ளே இருந்தால் ஷவரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் அதை வெளியே மாற்றுங்கள்.

ஷவரைத் திறந்தால் கீழ்க் குழாயிலும் வருகிறது

தண்ணீரைக் கீழ்க் குழாயிலிருந்து ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டர் மேலே இழுத்துவிடும் குமிழ் உள்ளது என்றால், அந்தக் குமிழைத் தூக்கி நிறுத்துவதே தண்ணீரின் அழுத்தம்தான். மாடித் தொட்டி அழுத்தத்தில் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், பழுதென்று நினைத்து மாற்றினால் புதிதும் விழும். திருகித் திருப்பும் வகையை வாங்குங்கள். ஏற்கெனவே திருகும் வகைதான் என்றால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும்.

மூடிய பிறகும் சொட்டுகிறது

இரண்டு மூன்று நிமிடம் சொட்டி நின்றால் அது ஷவருக்குள் தங்கிய தண்ணீர், முகம் பெரிதாக இருந்தால் கூடுதலாகவே தங்கும், ஒன்றும் செய்ய வேண்டாம். ராத்திரி முழுக்கச் சொட்டினால் குழாயின் உள்பாகம் தேய்ந்துவிட்டது. ஷவரை மாற்றினால் நிற்காது, ஸ்பிண்டிலையோ கார்ட்ரிட்ஜையோ மாற்ற வேண்டும், பழையதைக் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு வேறு.

அம்மாவால் ஷவரில் குளிக்க முடியவில்லை

இதையும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலிருந்து மட்டும் கொட்டும் ஷவர் வயதானவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து தலை நனையக்கூடாதவர்களுக்கும் பயன்படாது. சுவரில் நேர்க்குத்தாக ஒரு கம்பி, அதில் ஏறி இறங்கும் ஹேண்ட் ஷவர், ஒன்றரை மீட்டர் ஹோஸ், உட்கார ஒரு வழுக்காத முக்காலி. உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்கு ஷவரை இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். ஹேண்ட் ஷவரிலேயே நிறுத்தும் பொத்தான் இருந்தால் சோப்புப் போடும்போது எழுந்து குழாயை மூட வேண்டியதில்லை, ஆனால் அதை அழுத்தி நிறுத்தி வைத்துவிட்டு மிக்ஸரைத் திறந்தபடியே விடக்கூடாது, இரண்டு பைப்பின் தண்ணீரும் உள்ளே ஒன்றுக்கொன்று ஏறிக்கொள்ளும், ஹோஸும் சீக்கிரம் வெடிக்கும். அந்தக் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. பிடித்து எழத் தனியாக ஒரு கைப்பிடி, சுவரில் நன்றாகத் திருகாணி இறக்கி மாட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரெயின் ஷவருக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குப் போடுங்கள் என்பேன்.

மாட்டிய பிறகு இணைப்பில் கசிகிறது

நம் ஊர் ஷவர்களின் மரை அரை இஞ்ச் பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் மரை முறை. அமெரிக்க ஷவரில் அந்த ஊர் முறையான அரை இஞ்ச் என்பிடி. இரண்டிலும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும், ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60, அதனால் கசியலாம். நல்ல ரப்பர் வாஷர் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், இழுத்து முறுக்கி மரையைக் கெடுக்க வேண்டாம். டெஃப்லான் டேப்பைச் சுவருக்குள் போகும் பக்கம் மரையில் ஏழெட்டுச் சுற்று, மரையின் வாயை உங்களைப் பார்க்க வைத்துக் கடிகார முள் சுற்றும் திசையில், இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போதே உரிந்து வந்துவிடும். ஷவர் தலைப் பக்கம் வாஷர் இருந்தால் அதுவே போதும்.

பல வாரம் பூட்டியிருந்த வீட்டில் ஷவரைத் திறக்கும்போது முதல் சில நிமிடம் தள்ளி நின்று ஓடவிடுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில், 20 முதல் 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது நுரையீரலுக்குள் போவது ஷவரின் நுண்ணிய சாரல் வழியாகத்தான். கருப்பாக வழவழவென்று ஏதாவது விழுந்தால் ஷவரைக் கழற்றி முழுக்கக் கழுவிய பிறகு குளியுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த மறுநாள், சுவரில் பைப் நுழையும் இடத்தில் இருக்கும் வட்டத் தகட்டை நகர்த்தி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தாலும், அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையில் பெயின்ட் உப்பியிருந்தாலும் கசிவு சுவருக்குள் இருக்கிறது. அப்போது மேலே சிலிக்கான் பூசி மறைக்காமல் பிளம்பரைக் கூப்பிட்டு எல்போவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.